ஒட்டகத்தைக் கட்டாதவர்களின் தவக்குல்

 



2024 ஆகஸ்டு 2, வெள்ளிக்கிழமை. வயநாட்டில் மலை சரிந்து மூன்று நாள்கள் ஆகியிருந்தன. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துப் பள்ளிவாசல்களில் ஜும்ஆ முடிந்ததும் வாசலில் துண்டு விரிக்கப்பட்டது. கூலி வேலை செய்பவர் தம் அன்றைய வருமானத்தைப் போட்டார். பெண்கள் போர்வைகளையும் புதுத் துணிகளையும் கொடுத்தனுப்பினார்கள். பிள்ளைகள் உண்டியலை உடைத்துக் கொண்டுவந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ்! கொடுப்பதில் இந்தச் சமுதாயம் ஒருநாளும் பின்தங்கியதில்லை.

அதே வாசலில் இரண்டு பேச்சுகளும் காதில் விழுந்தன. “ஊர் முழுக்க உல்லாச விடுதிகளைக் கட்டி ஆட்டம் போட்டார்கள், அல்லாஹ்வின் தண்டனை இறங்கிவிட்டது” என்றார் ஒருவர். “எல்லாம் தக்தீர், மலை சரிய வேண்டும் என்று எழுதியிருந்தால் யார் தடுக்க முடியும்?” என்றார் இன்னொருவர். இருவரும் தொழுகையாளிகள், நல்லவர்கள். சுற்றி நின்றவர்கள் தலையசைத்தார்கள். அவ்விடத்தில் நின்றிருந்த நாமும் மறுத்துப் பேசாமல் வந்துவிட்டோம்.

மறுநாள் மக்தபில் ஒரு பிள்ளை கேட்டது: “அந்த ஊர்ப் பிள்ளைகளும் மத்ரஸாவுக்குப் போனவர்கள்தானே உஸ்தாத்? அவர்களுக்கு எதற்குத் தண்டனை?”

பத்து வயதுப் பிள்ளைக்கு எழுந்த கேள்வி, பள்ளிவாசல் வாசலில் நின்ற பெரியவர்களுக்கு எழவில்லை. நமக்கும் எழவில்லை. அன்று சொல்லத் தவறியதை இப்போது எழுதுகிறோம். அந்த இரண்டு பேச்சுகளும் தவறானவை. இவற்றோடு சேர்த்து, “பணம் அனுப்பிவிட்டோம், நம் கடமை முடிந்தது” என்று நாம் வாய்விட்டுச் சொல்லாமல் மனத்துக்குள் வைத்திருக்கும் மூன்றாவது எண்ணமும் தவறானது.

நடந்தது என்ன?

2024 ஜூலை 30 பின்னிரவில் வயநாடு மாவட்டம் மேப்பாடி ஊராட்சிக்கு உட்பட்ட புஞ்சிரிமட்டம், முண்டக்கை, சூரல்மலை ஆகிய ஊர்களின் மீது மலைச்சரிவு பாறையும் சேறும் மரமுமாக இறங்கியது. 250-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலருடைய உடல்களைச் சாலியாறு அடித்துச்சென்று மலப்புறம் மாவட்டத்தின் நிலம்பூர்ப் பகுதியில் கரைசேர்த்தது. அடையாளம் தெரியாத உடல்கள் புத்துமலையில் அடக்கம் செய்யப்பட்டன. அவற்றுள் யார் முஸ்லிம், யார் இந்து, யார் கிறிஸ்தவர் என்று பிரித்தறிய இயலாததால் எல்லாச் சமயத்தாரும் நின்று பிரார்த்தனை செய்தார்கள். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் பலர் பலியானார்கள். அவர்களில் தமிழர்களும் இருந்தார்கள்.

அதற்கு முந்தைய இரண்டு நாள்களில் அம்மலையில் 50 சென்டிமீட்டருக்கும் அதிகமாக மழை கொட்டியிருந்தது. மேற்குத்தொடர்ச்சி மலையின் இச்சரிவுகளில் கெட்டியான பாறையின் மேல் மண் போர்வைபோலப் படிந்திருக்கிறது. தொடர்ந்து மழை பெய்யும்போது மண்ணின் துளைகளெல்லாம் நீரால் நிறைகின்றன. பாறைக்குள் இறங்க வழியில்லாத நீர், மண்ணைப் பாறையிலிருந்து தள்ளுகிறது. ஆழ வேரோடும் காட்டு மரங்கள் இருந்தால் அவை மண்ணைப் பிடித்து நிறுத்த உதவும். தேயிலைச் செடிக்கு அந்த அளவு பிடிமானம் இல்லை. சாலைக்காகவும் கட்டடத்துக்காகவும் சரிவின் அடிவாரத்தை வெட்டினால் மேலே இருக்கும் மண் தாங்குவாரின்றி நிற்கிறது. சிற்றோடைகளை அடைத்தால் நீர் வழிந்தோட இடமில்லாமல் போகிறது.

மழையும் பழைய மழையன்று. அரபிக்கடல் சூடேறியதால் அதன் மேல் எழும் மேகங்கள் முன்னைவிட அதிக நீரைச் சுமந்துவருகின்றன. புவி வெப்பமாதல் அன்றைய பெருமழையை ஏறத்தாழ 10 விழுக்காடு கூட்டியது என்று பல நாட்டு அறிவியலாளர்கள் சேர்ந்து செய்த ஆய்வு கணித்தது. ஏற்கெனவே நனைந்து கனத்திருந்த மண்ணுக்கு அந்தப் பத்துப் பங்கில் ஒரு பங்கும் பெரிய சுமைதான்.

முதல் பேச்சு: “இது தண்டனை”

இவ்வாறு சொல்பவர்கள் ஓர் ஆயத்தை ஆதாரமாகக் காட்டுவார்கள். மனிதர்களின் கைகள் தேடிக்கொண்டவற்றால் தரையிலும் கடலிலும் சீர்கேடு தோன்றிவிட்டது என்பது அர்ரூம் அத்தியாயத்தின் 41-ஆம் வசனம் தரும் செய்தி. உண்மைதான். ஆனால் அந்த வசனம் ‘மனிதர்களின் கைகள்’ என்று பொதுவாகப் பேசுகிறது. செத்தவர்களின் கைகள் என்று அதற்குப் பொருள் சொல்ல யாருக்கு அதிகாரம் இருக்கிறது? மனிதர்கள் திருந்தி மீள வேண்டும் என்பதற்காகவே இது என்று அதே வசனம் முடிகிறது. திருந்த வேண்டியவர்கள் உயிரோடிருக்கும் நாம். மண்ணுக்குள் போனவர்கள் எங்கே திரும்பி வருவது?

அல்அன்ஃபால் அத்தியாயத்தின் 25-ஆம் வசனத்தையும் அவர்கள் ஓதிப் பார்க்கட்டும். அநீதி செய்தவர்களை மட்டும் குறிப்பாகப் பிடிக்காமல் அனைவரையும் சூழும் சோதனையை அஞ்சிக்கொள்ளும்படி அல்லாஹ் அதில் எச்சரிக்கிறான். குற்றம் ஓரிடத்திலும் துன்பம் வேறிடத்திலும் நிகழலாம் என்பதை விளங்க இதைவிடத் தெளிவு என்ன வேண்டும்?

நபி (ஸல்) அவர்கள் ஷஹீதுகளின் வகைகளை எண்ணிச் சொன்ன ஹதீஸ் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. நீரில் மூழ்கி இறந்தவரையும் இடிபாட்டில் சிக்கி இறந்தவரையும் அதில் அவர்கள் சேர்த்துள்ளார்கள். முண்டக்கையில் ஈமானோடு இறந்தவர்கள் இந்த இரண்டு வகையிலும் அடங்குபவர்கள். நபியவர்கள் ஷஹீத் என்று சிறப்பித்தவரைப் பார்த்துத் தண்டிக்கப்பட்டவர் என்று தீர்ப்பெழுதும் துணிவு நமக்கு எங்கிருந்து வந்தது? அந்த ஊர்களில் குர்ஆன் ஓதிக்கொடுத்தவர்கள் இருந்தார்கள். அதை ஓதிய பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களின் பெற்றோரிடம் நேரில் போய் நின்று இந்தப் பேச்சைப் பேச முடியுமா? முடியாது என்றால், நானூறு மைல் தள்ளி நின்றும் பேசக் கூடாது.

கருமேகமும் காற்றும் எழும்போது நபி (ஸல்) அவர்களின் முகம் மாறிவிடும். உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருப்பார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். ஆது கூட்டத்துக்கு வந்தது போன்ற வேதனை அதில் இருக்குமோ என்று அஞ்சியதே காரணம். தம் ஊருக்கு மேலே வந்த மேகத்தைப் பார்த்து அவர்கள் அஞ்சினார்கள். நாமோ அடுத்தவர் ஊரில் பெய்த மழையைப் பார்த்து அடுத்தவர் பாவத்தைக் கணக்கெடுக்கிறோம்.

ஸமூது கூட்டத்தாரைச் சிலர் உதாரணம் காட்டுவதையும் கேட்டிருக்கிறோம். ஸமூது மக்கள் மலைகளைக் குடைந்து, அச்சமற்று, செருக்கோடு மாளிகை அமைத்தவர்கள். தோட்ட முதலாளி கட்டிக்கொடுத்த ‘பாடி’யில் நான்கு சுவர்களுக்குள் படுத்துறங்கிய தேயிலைத் தொழிலாளி எந்த மலையைக் குடைந்தார்? மலையைக் குடைந்தவர்களைத் தேடுவதானால் வேறு இடத்தில் தேட வேண்டும். அதைப் பின்னர் பார்ப்போம்.

இரண்டாம் பேச்சு: “எல்லாம் தக்தீர்”

கத்ரை நம்புவது ஈமானின் தூண்களில் ஒன்று. அதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் கத்ரை நம்புவதும் கத்ரைச் சாக்குச் சொல்வதும் ஒன்றாகிவிடா.

உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டை நோக்கிப் படையோடு சென்றபோது ‘ஸர்ஃக்’ என்னும் இடத்தில், அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி எட்டியது. கலந்தாலோசித்துத் திரும்ப முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூஉபைதா (ரலி) கேட்டார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதியை நோக்கியே செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) பதிலளித்தார்கள். ஒரு கரை செழிப்பாகவும் மறுகரை வறண்டும் இருக்கும் பள்ளத்தாக்கில் ஒட்டகத்தை எந்தக் கரையில் மேய்த்தாலும் அது விதிப்படியே நிகழ்கிறது என்றும் விளக்கினார்கள். செழிப்பான கரையைத் தேர்ந்தெடுக்கும் அறிவும் அல்லாஹ் எழுதியதுதான் என்பது இதில் நாம் பெறும் பாடம். ஆபத்தான சரிவிலிருந்து மக்களை முன்கூட்டியே இறக்குவதும் தக்தீரே.

ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுத் தவக்குல் வைக்கலாமா என்று கேட்டவரிடம், முதலில் கட்டு, பிறகு தவக்குல் வை என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்ன ஹதீஸை (திர்மிதீ) நம் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். மனப்பாடத்தோடு அது நின்றுவிட்டது.

தடுப்புச் சுவர் இல்லாத மொட்டைமாடியில் உறங்குவதை நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததை அபூதாவூத் பதிவுசெய்கிறது. இரவில் பயணத்தை நிறுத்தி இறங்கும்போது வழியின் மேல் கூடாரம் அடிக்க வேண்டாம், அது உயிரினங்கள் நடமாடும் பாதை என்று அவர்கள் தடுத்ததை முஸ்லிம் பதிவுசெய்கிறது. ஊர்வனவும் விலங்குகளும் போகும் பாதையில் ஓரிரவு தங்கவே தடை என்றால், காட்டாற்று வெள்ளம் போகும் பாதையில் தலைமுறைக்கும் வீடு கட்டுவதை எப்படிப் பார்ப்பது? ஃபிக்ஹு படித்தவர்கள் கியாஸ் செய்து பார்க்கட்டும்.

யூசுஃப் (அலை) அவர்கள் ஏழாண்டுப் பஞ்சம் வரப்போவதை அறிந்ததும், ஏழாண்டு விளைச்சலைக் கதிரோடு சேமிக்கச் செய்தார்கள். நூஹ் (அலை) அவர்கள் வெள்ளம் வருமுன் தரையில் கப்பல் கட்டினார்கள். பார்த்தவர்கள் கேலி செய்தார்கள். இரண்டு நபிமார்களின் வரலாற்றிலும் அல்லாஹ் தன் அடியார்களைக் காத்தது முன்னேற்பாட்டின் வழியாகத்தான். முன்னேற்பாடு ஈமானுக்குக் குறைவு என்றால் இவ்விரு வரலாறுகளும் குர்ஆனில் இடம்பெற்றிருக்குமா?

மூன்றாவது எண்ணம்: “நிவாரணம் போதும்”

முதல் இரண்டைவிட இதுவே நம்மை ஆழமாகப் பிடித்திருப்பது. ஏனெனில் இதில் நன்மையும் கலந்திருக்கிறது. கொடுத்ததும் மனம் நிம்மதியடைகிறது. அந்த நிம்மதியில் அடுத்த பேரிடர்வரை உறங்கிவிடுகிறோம்.

முண்டக்கைக்கு ஐந்தாண்டுகளுக்கு முன், 2019 ஆகஸ்டு 8 அன்று, அதே மேப்பாடி ஊராட்சியில், சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள புத்துமலை சரிந்து 17 உயிர்கள் போயின. அதே நாளில் மலப்புறம் மாவட்டத்தின் கவளப்பாறையில் 59 பேர் இறந்தார்கள். அப்போதும் துண்டு விரித்தோம். அப்போதும் போர்வை அனுப்பினோம். புத்துமலைக்கு அடுத்த மலையில் வாழ்ந்தவர்களின் நிலை என்ன என்று யாரும் கேட்கவில்லை. முண்டக்கையில் இறந்தவர்களைப் புத்துமலையிலேயே புதைத்தோம்.

2020 ஆகஸ்டு 6 இரவு மூணாற்றை அடுத்த ராஜமலை பெட்டிமுடியில் தோட்டத் தொழிலாளர் ‘லயங்கள்’ மேல் மலை சரிந்தது. 70 பேர் இறந்தார்கள். ஏறக்குறைய அனைவரும் தமிழர்கள். செய்தி வெளியுலகை எட்டியது மறுநாள் காலையில்தான். ஆபத்தான சரிவின் கீழே நூற்றுக்கணக்கானோரைக் குடிவைத்த நாம், அவர்கள் கூப்பிட ஒரு தொலைபேசிக்கு வழிசெய்து வைக்கவில்லை.

இலங்கை மலையகத்தில் 2014 அக்டோபர் 29 காலை பதுளை மாவட்டம் கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தின் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது, மக்கள் வெளியேற வேண்டும் என்று 2005-லும் 2011-லும் அதிகாரிகள் எச்சரித்திருந்தார்கள். போவதற்கு மாற்று நிலமோ வீடோ இல்லாத கூலிகளுக்கு எச்சரிக்கை என்ன பயன் தரும்? 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் வந்தபோது அதே மலையகம் நூற்றுக்கணக்கான உயிர்களைப் பறிகொடுத்தது.

நம் மாநிலமும் விலக்கன்று. 2009 நவம்பரில் நீலகிரியில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது. நீலகிரியில் 280-க்கும் மேற்பட்ட இடங்கள் ஆபத்தானவையாக மாவட்ட நிர்வாகத்தால் அடையாளம் காணப்பட்டுள்ளன. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில், திருவண்ணாமலை மலையடிவாரத்தில் வ.உ.சி. நகர் வீடொன்றின் மேல் பாறையும் மண்ணும் விழுந்து 7 பேர் இறந்தார்கள். அவர்களில் ஐவர் சிறுவர் சிறுமியர். பூந்தமல்லியிலிருந்து பேருந்தில் ஏறினால் சில மணி நேரத்தில் அடையும் ஊர் அது.

இவை அனைத்திலும் ஒரே பாடம் இருக்கிறது. உயிரைக் காப்பது மலை சரிவதற்கு முந்தைய நாள். நாம் பணம் திரட்டுவதோ மலை சரிந்த மறுநாள்.

முந்தைய நாளில் செய்ய முடிந்தது எது என்பதற்கும் வயநாட்டிலேயே சான்று உண்டு. கல்பெட்டாவில் இயங்கும் ஹ்யூம் சூழலியல் மையம் மாவட்டமெங்கும் 200-க்கும் மேற்பட்ட இடங்களில் மழைமானிகளை நிறுவி, உள்ளூர் மக்களைக் கொண்டே அளவெடுத்துவந்தது. ஜூலை 29 அன்றே அந்த அளவுகளைப் பார்த்து, ஆபத்து நெருங்குகிறது என்று அம்மையம் அதிகாரிகளுக்குத் தெரிவித்தது. சில குடும்பங்கள் வெளியேறிப் பிழைத்தன. பெரும்பாலோர் வீட்டிலேயே இருந்தார்கள். எச்சரிக்கைக்கும் வீட்டு வாசலுக்கும் இடையே இருந்த தூரத்தில்தான் அத்தனை உயிர்களும் போயின. பின்னர் ராணுவத்தின் மெட்ராஸ் பொறியாளர் படை சூரல்மலையில் 190 அடி நீளப் பாலத்தை இரண்டே நாளில் கட்டிமுடித்தது. 2025 மார்ச்சில் கல்பெட்டா எல்ஸ்டன் தோட்டத்தில் புதிய குடியிருப்புக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பாலத்துக்கும் பணம் கிடைத்தது, வீட்டுக்கும் நிலம் கிடைத்தது. ஜனாஸாக்களுக்குப் பிறகு கிடைத்தது.

முன்னேற்பாடு என்ன செய்யும் என்பதைக் காட்ட ஒரு முஸ்லிம் நாட்டையே சொல்கிறோம். அங்கே ஆபத்து மலையிலிருந்து வருவதில்லை, கடலிலிருந்து வருகிறது, பாடம் ஒன்றே. 1970 நவம்பரில் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானைத் தாக்கிய போலா புயலில் மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். நாடு வங்கதேசமாக ஆனபின், 1972-இல் செம்பிறைச் சங்கத்தோடு சேர்ந்து புயல் முன்னேற்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. ஊருக்கு ஊர் தொண்டர்கள் பயிற்சி பெற்றார்கள். மேட்டுப் புகலிடங்கள் எழுந்தன. பாங்கு சொல்லும் ஒலிபெருக்கியில் புயல் எச்சரிக்கையும் சொல்லப்பட்டது. 2020-இல் ஆம்பன் பெரும்புயல் வந்தபோது வங்கதேசத்தில் இறந்தவர்கள் சில பத்துப் பேர். தக்தீரை நம்மைவிடக் குறைவாக நம்பியதால் அவர்கள் பிழைத்தார்களா? ஒட்டகத்தைக் கட்டியதால் பிழைத்தார்கள்.

மலையைக் குடைந்தவர்கள்

2011-இல் மாதவ் காட்கில் தலைமையிலான குழு மேற்குத்தொடர்ச்சி மலை குறித்து மத்திய அரசுக்கு அறிக்கை அளித்தது. மேப்பாடியை உள்ளடக்கிய வைத்திரி வட்டத்தை மிக உயர்ந்த பாதுகாப்பு வேண்டிய மண்டலத்தில் அக்குழு வைத்தது. கல்லுடைப்பும் சரிவுகளில் கட்டுமானமும் கட்டுப்படுத்தப்பட வேண்டும், முடிவுகளில் கிராமசபைக்குப் பங்கு வேண்டும் என்றது. அறிக்கை எதிர்க்கப்பட்டது; நடைமுறைக்கு வரவில்லை. எதிர்த்த ஏழை விவசாயியின் அச்சத்தில் நியாயம் இருந்தது. காடு காப்பதாகச் சொல்லித் தன்னை வெளியேற்றிவிடுவார்கள் என்று அவர் அஞ்சினார். அவர் முதுகுக்குப் பின்னால் நின்று லாபம் கண்டவர்கள் கல்குவாரி, விடுதி முதலாளிகள்.

இங்கே நம் சமுதாயத்தைப் பார்த்தும் பேச வேண்டியிருக்கிறது. கோடை வந்தால் ஊட்டி, கொடைக்கானல், வயநாடு என்று வேன் பிடிப்பவர்களில் நாமும் உண்டு. மத்ரஸா சுற்றுலாவும் உண்டு. மலையில் மனை வாங்கிப்போட்டால் பத்தாண்டில் பல மடங்காகும் என்று நம் ஜமாஅத் வாட்ஸ்அப் குழுக்களிலேயே விளம்பரம் வருகிறது. வட்டி இல்லை, ஹலால் முதலீடு என்கிறார்கள். சரிவை வெட்டி, ஓடையை மறித்து, அனுமதி பெறாமல் கட்டும் கட்டடத்தின் கீழே யாரோ ஒரு தொழிலாளியின் வீடு இருக்கிறது. தீங்கிழைக்கவும் கூடாது, தீங்குக்குத் தீங்கு செய்யவும் கூடாது என்பது ஷரீஅத்தின் அடிப்படை விதி. அடுத்தவர் உயிரை அடமானம் வைக்கும் முதலீடு, வட்டி கலக்கவில்லை என்ற ஒரே காரணத்தால் ஹலால் ஆகிவிடுமா? ஸமூதை உதாரணம் காட்டியவர்கள் இங்கே காட்டட்டும்.

“நாம் இருப்பது சமவெளி, நமக்கென்ன?” என்று கேட்போரிடம் ஒன்று கேட்கிறோம். நாம் உளூச் செய்யும் நீர் எங்கிருந்து வருகிறது? வயநாட்டில் பிறக்கும் கபினி காவிரியில் கலக்கிறது. நீலகிரியின் நீரைப் பவானி காவிரியில் சேர்க்கிறது. காவிரி நீர் கொள்ளிடம், கீழணை, வடவாறு வழியாக வீராணம் ஏரிக்கு வந்து, அங்கிருந்து குழாயில் 200 கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்து போரூரை அடைகிறது. பூண்டிக்கும் செம்பரம்பாக்கத்துக்கும் வரும் கிருஷ்ணா நீரும் மேற்குத்தொடர்ச்சி மலையில் மகாபலேஷ்வரம் அருகே பிறந்ததுதான். முகம் கழுவும்போது நம் கையில் இருப்பது அந்த மலைகளின் மழை. அதை உண்டுவிட்டு அம்மலையின் மக்களை மறப்பது நன்றிகேடு.

கப்பலில் சீட்டுப் போட்டு மேல்தளத்திலும் கீழ்தளத்திலும் இடம்பிடித்தவர்களின் உவமையை நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள் (புகாரி). கீழே இருந்தவர்கள் தங்கள் பங்கில் துளையிட எண்ணினார்கள். மற்றவர்கள் தடுத்தால் எல்லோரும் பிழைப்பார்கள், விட்டுவிட்டால் எல்லோரும் மூழ்குவார்கள். இன்று மேலே துளையிட்டாலும் கீழே இருப்பவர் மூழ்குகிறார். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து 29,000 கனஅடி நீர் திறக்கப்பட்டபோது அதை நாம் அறிந்தோம். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்கும், கொரட்டூர் நிரம்பினால் ரெட்டேரிக்கும் நீர் போக வேண்டும். இடையில் வீடு கட்டியவர்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள். அன்று பள்ளிவாசல்களைத் திறந்து எல்லாச் சமயத்தாருக்கும் உணவும் இடமும் கொடுத்தோம். அதைப் பெருமையாகப் பேசுகிறோம். வாய்க்காலை அடைத்ததைப் பேசுவதில்லை.

செய்ய வேண்டியவை

குறை சொல்லி நிறுத்துவது எளிது. ஆகவே நம் ஜமாஅத்துகளின் முன் சிலவற்றை வைக்கிறோம்.

ஒன்று: நிவாரணத்துக்குத் திரட்டும் ஸதகாவில் ஒரு பங்கை முன்னேற்பாட்டுக்கென்று எடுத்துவைப்போம். ஜகாத்தைத் தொட வேண்டாம். அதன் எட்டு வகையினரை அல்லாஹ்வே வரையறுத்துவிட்டான். பொது ஸதகாவுக்கும் வக்ஃபுக்கும் அந்த வரம்பு இல்லை. கூடலூர், பந்தலூர், குன்னூர்ப் பகுதிப் பள்ளிவாசல் ஒவ்வொன்றிலும் ஒரு மழைமானி, மின்சாரம் நின்றாலும் ஒலிக்கும் ஒலிபெருக்கி, மழைநாளில் தங்கப் பாய், விளக்கு, மருந்து. கிணறு வெட்டுவது ஸதகத்துல் ஜாரியா என்றால் இதுவும் அதுவே. பயன்பெறுவோர் எந்தச் சமயத்தவர் என்று கேட்கவும் கூடாது.

இரண்டு: மழைக்காலத்துக்கு முந்தைய ஜும்ஆ ஒன்றில் இதைக் குத்பாவின் பொருளாக்குவோம். இந்திய நிலவியல் ஆய்வுத் துறை 2024 முதல் நிலச்சரிவு முன்னறிவிப்பை வெளியிடத் தொடங்கியது. முதலில் எடுத்துக்கொண்ட மாவட்டங்களில் நீலகிரியும் ஒன்று. அரசு சொன்னது மிம்பரிலிருந்தும் கேட்டால் மக்கள் நகர்வார்கள்.

மூன்று: சரிவையோ ஓடையையோ சிதைத்துக் கட்டிய மனைகளையும் விடுதிகளையும் வாங்குவதும் அவற்றில் தங்குவதும் கூடாது என்று நம் உலமாக்கள் தெளிவாகச் சொல்லட்டும். சுற்றுலா போகும் மத்ரஸாக்கள் முதலில் அதைப் பின்பற்றட்டும்; நாமும் அதில் அடக்கம்.

நான்கு: ஆபத்தான லயங்களில் இருப்பவர்களுக்குப் பாதுகாப்பான இடத்தில், பட்டாவோடு, வேலைக்குப் போகும் தொலைவில் வீடு வேண்டும் என்று அரசிடமும் தோட்ட நிர்வாகங்களிடமும் கேட்போம். கூடலூர் பகுதியில் 1964 ஒப்பந்தத்தின் பேரில் இலங்கையிலிருந்து வந்த தாயகம் திரும்பிய தமிழர்கள் இன்றும் தோட்டக் குடியிருப்புகளில் வாழ்கிறார்கள். இடத்தைக் காலி செய் என்பது மட்டும் பாதுகாப்பாகாது. மீரியபெத்த அதற்குச் சாட்சி.

ஐந்து: அம்பத்தூர், கொரட்டூர், ஆவடி, பூந்தமல்லி ஏரிகளின் வரத்துக்கால்களைத் தூர்வாரக் கேட்கும் முன், நம் ஜமாஅத்தார் அடைத்தவற்றை நாமே திறப்போம். பிறருக்கு உபதேசம் செய்யும் தகுதி அதன்பிறகுதான் வரும்.

“இதெல்லாம் அரசியல், தீனுக்கு இதில் என்ன வேலை?” என்று சிலர் கேட்கக்கூடும். ஓர் உயிரைக் காப்பது மனிதகுலம் முழுவதையும் காப்பதற்கு ஒப்பு என்பது அல்மாயிதாவின் போதனை. ஜனாஸா தொழுகை ஃபர்ளு கிஃபாயா. ஊரில் யாரும் தொழாவிட்டால் எல்லோரும் குற்றவாளிகள். இறந்தவருக்கான தொழுகையே அப்படி என்றால், இறக்காமல் காப்பது எந்தத் தரத்தில் இருக்கும் என்பதை ஆலிம்கள் சிந்திக்கட்டும்.

அந்தப் பிள்ளைக்கு நாம் அன்று தர வேண்டியிருந்த பதில் இதுதான்: “மகனே, அந்தப் பிள்ளைகள் எந்தக் குற்றமும் செய்யவில்லை. அவர்களைக் காப்பது பெரியவர்களான எங்கள் பொறுப்பு. நாங்கள் அதைச் செய்யவில்லை.” அடுத்த மழைக்காலம் வருமுன் வேறு பதிலைச் சொல்லும் தகுதியை அல்லாஹ் நமக்குத் தருவானாக. முண்டக்கையிலும் பெட்டிமுடியிலும் மலையகத்திலும் உற்றாரை இழந்தவர்களுக்கு ஸப்ரையும், ஈமானோடு இறந்தவர்களுக்கு ஷஹாதத்தின் கூலியையும், உயிரோடிருக்கும் நமக்கு ஒட்டகத்தைக் கட்டும் அறிவையும் அவன் வழங்குவானாக. ஆமீன்.